பெட்டி வண்டி

வல்லம் தாண்டி இடதுபக்கம் திரும்பி மலைப்பாதையில் ஏறியதுமே வேன் முனக ஆரம்பித்தது. ரோடு நல்ல ரோடுதான், ஏற்றமும் அப்படியொன்றும் பெரிய ஏற்றமில்லை. ஆனாலும் தென்னரசு கியரைக் குறைத்துக்கொண்டே போனான். பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த டிரெய்லர், நெல் மூட்டை அடுக்கிய வண்டி மாதிரி வேனைப் பின்னுக்கு இழுத்தது. அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள். தார்ப்பாய் போட்டு மூடிய அந்த டிரெய்லரில் ஒரு டெண்ட், ஒரு ஃபோம் மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், அரிசி பருப்புப் பை, இவ்வளவுதான் இருந்தன. எல்லாம் காலையில் அவளே எடுத்துக் கொடுத்தவை. இரண்டு பேர் கைபோட்டால் தூக்கிவிடலாம்.

"இன்னா ஏத்துனீங்க அதுல?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஏற்றவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கும், ஊருக்குப் போனதும் மாற்ற வேண்டும் என்றான் தென்னரசு. சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து விசிலடித்தான். அவன் விசிலடித்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அது தெரியாதா. கேட்டுச் சண்டையாக வேண்டாம் என்று அடிவயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வயிற்றுக்காகத்தான் இந்தப் பயணமே. ஒன்பது வருஷம் கழித்து ஒரு கரு நின்றிருக்கிறது. விழுப்புரத்து டாக்டரம்மா, மூன்று மாசம் முடிகிறவரைக்கும் மனசில் எதையும் போட்டுக்கொள்ளாதே, நல்ல காற்றாகப் பார்த்து நாலு நாள் இரு என்றார். தென்னரசுக்குப் போனில் வெளிநாட்டுக்காரர்கள் மலை ஏரிக்கரையில் டிரெய்லரை நிறுத்தி, டெண்ட் அடித்து, காபி போட்டுக் குடிக்கிற வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிற வழக்கம் உண்டு. டாக்டரம்மா சொன்னது அவனுக்கு ஒரு சாக்கு. வெல்டிங் பட்டறையில் சொல்லி நமக்கென்று புதுசாக ஒரு டிரெய்லர் அடித்துவிட்டேன் என்றான். அவளும் சரி என்றாள். அதற்கு முன்னால் அவளுக்கு அவன் கொடுத்திருந்த வாக்கு ஒன்று இருந்தது. அதை நம்பித்தான் வேனில் ஏறினாள்.

திண்டிவனத்தில் தென்னரசுக்குப் பந்தல், சாமியானா, சேர் வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் அவன் பந்தல்தான். கூடவே ஐஸ் பெட்டியும் வைத்திருந்தான். செத்தவர்களை உறவுக்காரர்கள் வந்து சேருகிறவரைக்கும் படுக்க வைக்கிற கண்ணாடிப் பெட்டி. அதை வைத்து இழுத்துப் போக ஒரு டிரெய்லர். அந்தத் தெருவில் அதற்குப் பெயரே பெட்டி வண்டிதான். ஒவ்வொரு சாவு வீட்டிலிருந்தும் அது திரும்பி வந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவியது அம்சவள்ளிதான். வாசலில் சாவுப் பெட்டி நிற்கிற வீட்டில் எந்தப் பிள்ளை தங்கும் என்று தெருப் பெண்கள் காதுபடவே பேசினார்கள். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஆனால் வயிற்றில் ஒன்று தங்கியதும், கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் உள்ளே இருந்தது தெரிந்தது. ஒன்று அந்தப் பெட்டி இந்த வீட்டில் இருக்கணும், இல்லை நான் இருக்கணும் என்று சொல்லிவிட்டாள். பெட்டியையும் வண்டியையும் சேர்த்துக் கண்டமங்கலத்தில் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்று அம்மன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னான் தென்னரசு.

ஏரி, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் இருந்தது. யானை யானையாகப் பாறைகளை யாரோ கொட்டிவிட்டுப் போனது போலக் குன்றுகள். அவற்றின் மடியில், பிடித்து வைத்த மாதிரி தண்ணீர். வெயிலுக்கு நீர் உள்வாங்கி, கரையோரம் அகலமாகச் சேறு காய்ந்தும் காயாமலும் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூடத் திரும்பிப் போயிருந்தார்கள். சாயங்கால வெயில் பாறையில் பட்டு, தண்ணீரில் செம்மண் கரைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. தென்னரசு வேனைத் திருப்பி, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று டிரெய்லரைத் தண்ணீர் விளிம்புவரைக்கும் பின்னால் விட்டு நிறுத்தினான். டெண்டை மேட்டுமணலில் அடித்தான். ஆரஞ்சு நிறத்தில், ஆன்லைனில் வாங்கிய இரண்டு ஆள் டெண்ட். கம்பியை வளைத்துக் கோர்த்து, முளையை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டுகிற வேலையில் அவன் கை சும்மா ஓடியது. பந்தல்காரன் கை அல்லவா.

அம்சவள்ளி மெத்தையை எடுக்கலாம் என்று போய்த் தார்ப்பாயை விலக்கினாள்.

பச்சைப் பெயிண்ட் புதுசாக அடித்திருந்தது. வாசனைகூடப் போகவில்லை. ஆனால் தகட்டின் நாலு மூலையிலும் பெட்டியின் கால் உட்காருகிற நாலு பள்ளம். ஓரத்தில், பெட்டி அதிராமல் இருக்க ஒட்டிய கறுப்பு ரப்பர். இடது மூலையில் அந்த ரப்பர் பாதி பிய்ந்திருந்தது; சவரம் செய்யாத தாடி மாதிரி அது கையைக் குத்தும். எத்தனை முறை பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பெயிண்ட் அடித்தால் தெரியாமல் போய்விடுமா. ஃபோம் மெத்தை, பெட்டி இருந்த இடத்தில், பெட்டியின் அளவுக்கே வெட்டியதைப் போலக் கச்சிதமாகக் கிடந்தது. பாம்பு பூச்சி வராமல் உயரத்தில் படுத்துக்கொள்ளட்டும் என்று அவளுக்காகப் போட்ட மெத்தை.

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது. பயம் இல்லை. கோபம்தான். காதடைத்துக்கொண்டது.

"அம்மன் படத்துக்கு முன்னால நின்னு சொன்னியே," என்றாள். குரல் உயரவில்லை. "அந்த வாய் இன்னா வாய்யா?"

அவன் சமாதானமாக ஏதேதோ சொன்னான். வண்டி நல்ல இரும்பு, இப்போது இந்த மாதிரி ஆக்சில் எங்கே கிடைக்கிறது, பெட்டியைத்தான் கொடுத்துவிட்டேன், வண்டி என்ன பாவம் பண்ணியது, மூன்று கோட்டு பெயிண்ட் அடித்திருக்கிறேன் என்றான். அவள் மெத்தையை உருவிச் சேற்றில் எறிந்தாள். அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. குடோனைப் பார்த்துக்கொள்கிற ராஜாமணி.

"அண்ணி, அண்ணன் போன எடுக்க மாட்டேங்குது. கிளியனூர்லேருந்து பெட்டி கேட்டு வந்து நிக்கிறாங்க. காலைலேருந்து கரண்ட்ல போட்டு வச்சிருக்கேன், கூலிங்கே ஏறல அண்ணி. மெக்கானிக் வந்து பார்த்துட்டு மோட்டரு நல்லாத்தான் ஓடுதுங்கறான். உள்ள கைய வச்சா ஆளு படுத்து எழுந்த பாயாட்டம் வெதுவெதுன்னு இருக்குது."

"எந்தப் பெட்டி ராஜாமணி?"

குடோனில் இருக்கிற நம்ம பெட்டிதான் அண்ணி என்று மென்று விழுங்கினான். அவள் போனை அணைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் முளை அடிக்கிற சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

கிளம்பு என்றாள். இந்த நிமிஷமே வண்டியை எடு, என்னைக் கொண்டுபோய் விழுப்புரத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நீ உன் பெட்டியோடு குடும்பம் நடத்து என்றாள். பேசிக்கொண்டே டிரெய்லரின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். நாளெல்லாம் வெயிலில் நின்ற இரும்பு. தோல் ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சில்லிட்டிருந்தது. நெருங்கிப் பார்த்தாள். பச்சைப் பெயிண்டின் மேல் பூராவும் முத்து முத்தாக வியர்த்து, அடித்தகட்டின் விளிம்பிலிருந்து சேற்றில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனையும் வந்தது. வாடின ரோஜா மாலை, ஊதுபத்தி, யாரோ தெளித்த மலிவு சென்ட், எல்லாவற்றுக்கும் அடியில் குளிரில் கெட்டிப்பட்ட ஏதோ ஒன்று. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விரட்டிய வாசனை.

பிறகுதான் வில்பட்டையைப் பார்த்தாள். சக்கரத்துக்கு மேல் வளைவாக நிற்க வேண்டிய இரும்புப் பட்டை நேராகப் படிந்து, அதையும் தாண்டிக் கீழ்ப்பக்கமாகத் தொங்கியது. டயர் பாதி சேற்றில். அடுப்பு, கேன், அரிசிப் பை எல்லாம் டெண்டோடு முன்னமே இறங்கிவிட்டன, மெத்தையும் போய்விட்டது. மேலே ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லாத டிரெய்லரில் இருந்து கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பஸ்ஸில், ஒருத்தர் கால் மாற்றி உட்கார்ந்தால் சீட்டு போடுமே, அந்தச் சத்தம்.

தென்னரசுவும் கேட்டிருக்க வேண்டும். சுத்தியலைப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடினான். ஸ்டார்ட் பண்ணினான். வேனின் பின்சக்கரங்கள் சுழன்று சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வேன் ஒரு அடிகூட நகரவில்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று அவள் கத்தினாள். அவன் இறங்கி வந்து கொக்கியின் ஊசியைப் பிடித்து இழுத்தான், தட்டினான், கல்லை எடுத்து அடித்தான். அது தன் குழியோடு குழியாக உறைந்து இறுகியிருந்தது. அவன் மூச்சு வெள்ளையாக வந்தது. சித்திரை மாசத்தில், செஞ்சிப் பக்கத்துப் பாறைக்கு நடுவில், மனுஷன் மூச்சு வெள்ளையாக வருமா.

நடந்தே போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். ரோடு இறங்கி முதல் வீடு வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். இரண்டடி எடுத்து வைத்ததும் அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு பிடி பிடித்தது. மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா சொன்ன வலி. வரக்கூடாத வலி. போகாதே, போகாதே என்று வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தென்னரசு பக்கத்தில் வந்து குந்தினான். அவன் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தாள். அங்கே இருந்தது வேறு. பெண் பார்க்க வந்த அன்று அவள் சம்மதம் சொன்னதும் ஒரு வெட்கச் சிரிப்பு சிரித்தானே, அது.

"பயப்படாத அம்சா. நல்ல மனுஷங்கதான். நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

யாரு என்று கேட்டாள்.

அவன் மெதுவாக, பெருமையாகச் சொன்னான். பெட்டிக்குள் ஆளைப் படுக்க வைத்ததும், மூடியை இறக்குவதற்கு முன்னால், ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிவானாம். குனிந்து காதோரமாகச் சொல்வானாம், என் வீட்டில் வந்து பொறங்க என்று. ஒருத்தருக்கும் கேட்காது. ஒருத்தருக்கும் தெரியாது. கிளியனூர் விருத்தாசலம் வாத்தியார் செத்துப்போன அதே மாசம்தான் அவளுக்குக் கரு நின்றது. எனவே அவர்தான் வந்திருக்கிறார் என்று அவனுக்கு ஒரு கணக்கு. படித்த மனுஷன், கெட்ட பழக்கம் கிடையாது, பிள்ளை நன்றாகப் படிக்கும் என்றான்.

அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லாமல் இல்லை. செத்துப்போன தாயின் காலைக் கட்டிக்கொண்டு, எனக்கே மகளா வந்து பொறம்மா என்று பெண்கள் அழுவார்கள். அது அழுகையில் வருகிற பேச்சு. ரத்த சம்பந்தத்துக்கு மட்டும் சொல்கிற பேச்சு. ஊரான் வீட்டுப் பிணத்தின் காதில் போய் எவனாவது சொல்வானா. பந்தலுக்குச் சேர் எத்தனை வேண்டும் என்று கேட்கிற அதே வாயால்.

"வாத்தியார்கிட்ட மட்டுமா சொன்ன?"

"எல்லார்கிட்டயும்தான். யாருக்கு மனசு எறங்கும்னு நமக்கு இன்னா தெரியும்?"

எல்லாரிடமும். திண்டிவனத்து நாற்கர ரோட்டில் லாரி அடித்துச் சாக்கில் வாரிக்கொண்டு வந்தவர்கள். கிணற்றிலிருந்து நாலாம் நாள் எடுத்தவர்கள். பெண்டாட்டியைக் கொளுத்திவிட்டுத் தானும் கருகிப்போனவன். மகனும் மகளும் சொத்துக்கு அடித்துக்கொண்டதில் வாசலிலேயே கிடந்த கிழவி. பெயர் தெரியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். ஒன்பது வருஷம். வண்டி வெளியே போகாத வாரம் இல்லை. அத்தனை பேர் காதிலும் ஒரே வயிற்றைக் காட்டிக் கொடுத்திருக்கிறான்.

வலியை மீறிக்கொண்டு கோபம் அவளை எழுப்பி நிற்க வைத்தது.

"என்னக் கேட்டியா நீ? என் வயித்துக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட நீ யாருய்யா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் பேச விடவில்லை. போ, போய்ச் சொல்லு என்றாள். இங்க யாருக்கும் எடம் இல்ல, இது எம்புள்ள, இது வந்தாச்சு, நான் கூப்பிட்டது தப்பு, எல்லாரும் போங்கன்னு வாயத் தொறந்து சொல்லு என்றாள். சட்டைக் காலரைப் பிடித்து ஏரிப்பக்கமாகத் தள்ளினாள்.

அவன் நகராமல் நின்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"யாரும் வேணான்னு சொல்லி, உள்ள இருக்கறதும் கெளம்பிப் போயிட்டா இன்னா பண்றது? ஒம்போது வருசம் அம்சா."

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் அறை. அவன் தலையைக் குனிந்துகொண்டு டிரெய்லரைப் பார்த்து நடந்தான்.

மறுபடியும் வயிறு பிடித்தது. நிற்க முடியவில்லை. அவன் அடித்து வைத்திருந்த டெண்டுக்குள் தவழ்ந்து போய், ஜிப்பை இழுத்து மூடி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். வாசல் கம்பியில் அவன் மாட்டியிருந்த சார்ஜ் லைட் வெளியே எரிந்தது. அதன் வெளிச்சத்தில் ஆரஞ்சுத் துணி முழுக்க உள்பக்கமாகச் சிவந்து, ஏதோ ஒரு பெரிய உயிரின் வயிற்றுக்குள் அவள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மேற்கே பாறைக்குப் பின்னால் கடைசி வெளிச்சமும் இறங்கியது. தவளை, சில்வண்டு ஒன்றுமே கத்தவில்லை. தண்ணீர்கூடக் கரையில் மோதுகிற சத்தம் போடவில்லை. பக்கத்து அறையில் நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு அமைதி இருக்குமே, அது.

அந்த அமைதியில் தென்னரசுவின் குரல் மட்டும் கேட்டது. என்ன சொல்கிறான் என்று காதைத் தீட்டிக் கேட்டாள். போங்க என்று சொல்லவில்லை. ஒருத்தர் போதும் என்றான். கோவிச்சுக்காதீங்க, ஒரு எடம்தான் இருக்குது, வாத்தியாரு மட்டும் இருக்கட்டும், மத்தவங்க பெரிய மனசு பண்ணணும் என்று கெஞ்சினான். கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். பந்தி முடிந்த பிறகு வந்தவர்களிடம் கல்யாண வீட்டுக்காரன் பேசுகிற மாதிரி பேசினான்.

படுபாவி, என்று பல்லைக் கடித்தாள் அம்சவள்ளி.

கிறீச்.

டிரெய்லரின் வில்பட்டை. அழுந்துகிற சத்தம் இல்லை இது. பாரம் குறைந்து மேலே எழும்புகிற சத்தம். அதற்குப் பின் சேற்றில் தொப்பென்று ஒன்று. மறுபடியும் கிறீச். தொப். கிறீச். தொப். பஸ் நின்றதும் இறங்குகிற மாதிரி, அவசரப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாக. அது நிற்கவே இல்லை. எண்ண நினைத்து எண்ணாமல் விட்டாள்.

டெண்டின் பக்கவாட்டில் கொசுவலைத் துணியில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. முழங்கையை ஊன்றி எழுந்து அதில் கண்ணை வைத்தாள். வெளிச்சம் டிரெய்லர் வரைக்கும் மங்கலாகப் போயிற்று. நடுவில் ஈரச் சேறு. ஆள் யாரும் இல்லை. தென்னரசு மட்டும் தள்ளி ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஆனால் சேறு பதிந்துகொண்டிருந்தது.

டிரெய்லருக்குக் கீழே பெரிய பெரிய அடிகள். ஆண்களின் அகன்ற குதிகால், கிழவிகளின் வளைந்த பெருவிரல். வரிசையாக டெண்டைப் பார்த்து வந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாதி வழியில் அவை சிறுத்தன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கால் அளவு. இன்னும் கிட்டே வர, புதுசாக நடை பழகுகிற பிள்ளையின் கால். தத்தித் தத்தி. இடறி. அதற்கும் இந்தப் பக்கம் அடியே இல்லை. உள்ளங்கைகள். முழங்கால்கள். சின்னச் சின்னக் குழிகள். சேற்றைக் கீறிக்கொண்டு.

தவழ்ந்து வந்தன.

அவளிடம் இருக்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் ஆகிக்கொண்டு வந்தன.

ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள். முதுகு டெண்டின் பின்சுவரில் இடித்தது. சுவர் சில்லென்று இருந்தது. அந்தப் பக்கமிருந்து துணி உள்ளே குழிந்தது. ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் தரைமட்டத்தில். பால் தேடுகிற மாதிரி முட்டின.

"சொல்லுய்யா," என்று கத்தினாள். "யாரும் வேணாம்னு சொல்லுய்யா. எம்புள்ளய்யா இது."

பதில் வந்தது. அது அவளுக்கான பதில் இல்லை. தென்னரசு டெண்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தான். அவன் குரலில் கெஞ்சல் போய்விட்டது. அது அவனுடைய வேலைக் குரல். கடைசியாக முகம் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒழுங்குபடுத்துகிற குரல்.

"தள்ளாதீங்க. யாரும் தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

"யோவ், தொறக்காத."

"வாத்தியார மொதல்ல விடுங்க. வழி விடுங்க."

ஜிப் அசைந்தது. அவள் பாய்ந்து உள்பக்கம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டாள். அவன் வெளியே இழுத்தான். சேர் தூக்கியும் கம்பம் நட்டும் உரம் ஏறிய கை. ஒரு பல், இரண்டு பல்லாக அது அவள் விரலை உரித்துக்கொண்டு கீழே இறங்கியது. அவள் அவன் கையைக் கடித்தாள். உப்புக் கரித்தது. அவன் கையை எடுக்கவில்லை. ஒம்போது வருசம் அம்சா, ஒம்போது வருசம் என்று அழுதுகொண்டே இழுத்தான்.

திறந்தது.

அவன் வாசல் துணியை, பந்தல் திரையை ஒதுக்கிப் பிடிப்பது போல, மரியாதையாக ஒருபக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அம்சவள்ளி காலை மடக்கி, வயிற்றை இரண்டு கையாலும் மூடினாள்.

முதலில் கை வந்தது. கைக்குழந்தையின் கை. தோல் மட்டும் கிழவனுடையது. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கட்டோடு ஊன்றித்தான் நகர்ந்து வந்தது. பிறகு தலை. முகவாயைச் சுற்றிக் கட்டிய வாய்க்கட்டு இப்போது பெரிதாகிப் போய்க் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது. நரைத்த புருவம். பல்லில்லாத வாய். நெற்றியில், பிணத்துக்கு ஒட்டுகிற ஒரு ரூபாய், அந்தச் சின்ன நெற்றி பூராவையும் மூடிக்கொண்டு.

அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கை மூடியிருந்த இடத்தைப் பார்த்தது.

கண் கொட்டாமல்.

அதன் தோளை இடித்துக்கொண்டு இன்னொரு தலை. அதற்குமேல் இன்னொன்று. சார்ஜ் லைட் வெளிச்சம் போகிற தூரம் வரைக்கும், மேட்டுமணல் தாண்டி, சேறு தாண்டி, தண்ணீர் விளிம்புவரைக்கும், தரையோடு தரையாக ஒரு ரூபாய் நாணயங்கள் மின்னிக்கொண்டு நகர்ந்தன.